வளர்ச்சி ஹார்மோன் உயர்வு: விளக்கம் வேண்டி

அன்புடையீர், வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும், இப்போது கல்லீரல் சிரோசிஸும் (கல்லீரல் தழும்பேறிச் செயலிழக்கும் நோய்) உள்ளன. 75 கிராம் குளுக்கோஸ் குடித்தபின் குறைய வேண்டிய வளர்ச்சி ஹார்மோன் அவருக்குக் கூடியிருப்பதால், அதைச் சுரக்கும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்குமோ என்று வீடே கலங்கியிருக்கிறது. ஆனால், அந்த ஹார்மோனின் தூண்டுதலால் ஐஜிஎஃப்-1 என்ற, உடல் வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனைப் பெரும்பாலும் சுரப்பது கல்லீரலே என்பதாலும், அது நலிந்து ஐஜிஎஃப்-1 குறைந்தால் பிட்யூட்டரிக்குக் கடிவாளம் தளர்ந்து வளர்ச்சி ஹார்மோன் உயரக்கூடும் என்பதாலும், எனக்குக் கட்டியின் மேல் அவ்வளவு சந்தேகமில்லை. அவருடைய ஐஜிஎஃப்-1 அளவும் குறைவாகவே வந்திருக்கிறது. (அத்தகைய கட்டி இருந்தால் கைகளும் பாதங்களும் பெருக்கக்கூடும்; அவருக்கு மோதிரமும் செருப்பும் பழைய அளவுதான்.) கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் இதே குழப்பத்தைத் தரலாம். இந்நிலையில் எம்ஆர்ஐ அவசியமா என்பதையும், பாளையங்கோட்டைப் பக்கம் ஹார்மோன் சிறப்பு மருத்துவர் எவரை அணுகலாம் என்பதையும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.