அக்கா தம்பி சண்டை: இரண்டாம் பாகத்துக்கு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயாஜாலக் கதை எழுதுகிறேன். இப்போது இரண்டாம் பாகம். கதை நடப்பது பேசும் ஏரி ஒன்றின் கரையில். மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டிதான் அங்கே தலைவர். முதல் பாகத்தின் முடிவில் ஏரி தம்பியைத் தலைவனாக்கிவிட்டது. அவனுக்கோ அதில் துளியும் விருப்பமில்லை. மதகுச் சாவியை ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். ஆசைப்பட்டது அக்கா. வேலை தெரிந்தவளும் அவள்தான்.

சிக்கல் என்னவென்றால், இரண்டாம் பாகத்தில் அவள் எதிரணிக்குப் போகிறாள். எப்படி எழுதினாலும் வில்லி ஆகிவிடுகிறாள். அது வேண்டாம். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறதே!

புறநானூறு 45 நினைவிருக்கிறதா? சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, அதே சோழர் குடியின் நெடுங்கிள்ளி உள்ளே அடைந்து கிடக்கிறான். புலவர் கோவூர்கிழார் வந்து, எதிரில் நிற்பவன் சேரனின் பனந்தோடும் சூடவில்லை, பாண்டியனின் வேம்பும் சூடவில்லை, இருவர் தலையிலும் சோழர் பூவான ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்கிறார். என்ன துணிச்சல் பாருங்கள்! அப்படி ஒரு ஆள் என் கதைக்கும் வேண்டும். ஆனால் பெரியவர் ஒருவர் வந்து புத்தி சொன்னால் பிள்ளைகள் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். வேறு யார் நிறுத்தலாம்? ஏரியா, இன்னொரு குழந்தையா?

அப்புறம், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உண்மையில் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதுங்கள். முதல் சில அத்தியாயங்களைப் படித்துப் பார்க்க அவர்கள் தயார் என்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.