ஒண்ணாம் நம்பர் கூண்டுக்கே ஊரைக் காலி பண்றதா?

(குழு: மஞ்சக்குப்பம் வீடு)

கதிர், இரவு 8.12: 1936லயே பிரான்ஸ் தட்டியிருந்தா ஹிட்லர் அங்கேயே முடிஞ்சிருப்பான். இன்னைக்கும் அதேதான். எதிரி தயாராகறதுக்குள்ள முந்திக்கணும்.

பெரியப்பா, 8.15: அந்த உதாரணம் உனக்கு உதவாது. மார்ச் 7 ஜெர்மனி, படை வைக்கவே கூடாத தன்னோட ரைன்லாந்துப் பகுதிக்குள்ள படை அனுப்பினதே, முதல் உலகப் போருக்குப் பிறகு போட்ட வெர்சாய் உடன்படிக்கை 42, 43ஆம் பிரிவை மீறித்தான். 44ஆம் பிரிவு அதைப் பகைச் செயல்னே சொல்லுது. பிரான்ஸ் அடிச்சிருந்தா அது முந்தின அடி இல்லடா, பதிலடி.

பெரியப்பா, 8.17: ரைன் ஆத்தைத் தாண்டி வந்தது மூணே பட்டாலியன். ஆனா சின்னதா ஒரு படையை மட்டும் சட்டுனு அனுப்புற ஏற்பாடே பிரான்ஸ்கிட்ட கிடையாது. தளபதி கம்லான் முழுப் படைதிரட்டல் கேட்டார். ஏப்ரல் கடைசியில தேர்தல். எந்த மந்திரி கையெழுத்து போடுவான்?

மலர் அத்தை, 8.18: நாளைக்கு சில்வர் பீச் வாக்கிங் 5.30. இந்தச் சண்டையில மறந்துடாதீங்க.

செல்வி சித்தி, 8.21: கதிர், 1837 டிசம்பர்ல கரோலைன்னு ஒரு அமெரிக்கக் கப்பலை நயாகரா ஆத்துல பிரிட்டிஷ்காரங்க கொளுத்தினாங்க. அந்தத் தகராறுல அமெரிக்க வெளியுறவு மந்திரி வெப்ஸ்டர் கடிதத்துல எழுதின அளவுகோலைத்தான் சட்டக்காரங்க இன்னைக்கும் பிடிச்சிருக்காங்க: ஆபத்து அந்தக் கணமே வந்து நிக்கணும், வேற வழியோ யோசிக்க நேரமோ இருக்கக் கூடாது. நம்ம துறைமுகக் கணக்குல 10ஆம் நம்பர் புயல் கூண்டு. நீ 1ஆம் நம்பருக்கே ஊரைக் காலி பண்ணச் சொல்றே. ஐ.நா. சாசனம் 51 இன்னும் கறார், ஆயுதத் தாக்குதல் நடந்தால்னுதான் இருக்கு.

கதிர், 8.23: 1967ல இஸ்ரேல் எகிப்தை முந்தி அடிச்சு ஜெயிச்சுதே?

ராஜி மாமா, 8.29: அது நடந்ததுக்குக் காரணம் வெறும் துணிச்சல் இல்ல. ஜூன் 5, இஸ்ரேல் நேரம் காலை 7.45. எகிப்தோட விடியக்காலை ரோந்து விமானங்கள் இறங்கின பிறகு. சொந்த வானத்துக் காவலுக்கு 12 விமானம்தான் விட்டு வச்சாங்க. முதல்ல ஓடுபாதை. குண்டு விழும்போதே ராக்கெட் அதோட வேகத்தைக் குறைச்சு, அப்புறம் கான்கிரீட்டுக்குள்ள இறக்கும். திரும்பி வந்த விமானம் பத்து நிமிஷத்துக்குள்ள மறுபடி கிளம்புச்சு. எகிப்து விமானமெல்லாம் கூரையில்லாத வெட்டவெளியில நின்னுச்சு.

ராஜி மாமா, 8.33: அதையே பார்த்து 1971 டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் நம்ம பதான்கோட், அமிர்தசரஸ், ஆக்ரா மேல வந்தாங்க. அனுப்பினது கொஞ்ச விமானம், அதையும் பல தளத்துக்குப் பிரிச்சு. நம்ம விமானங்கள் கான்கிரீட் கொட்டகைக்குள்ள. ஓடுபாதைக் குழியை மூடி அன்னைக்கு ராத்திரியே நம்ம ஆளுங்க பதில் கொடுத்தாங்க. 13 நாள்ல டாக்கா விழுந்துச்சு.

பெரியப்பா, 8.36: தகவல் கதையும் இருக்கு. 1783 ஜூன் 20 நம்ம கடலூர்க் கடல்லயே ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் மோதினப்போ, வெர்சாயில பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகி அஞ்சு மாசம். சேதிதான் இங்க வந்து சேரலை.

கதிர், 8.37: அது பாய்மரக் காலம் பெரியப்பா. இப்போ சாட்டிலைட்.

பெரியப்பா, 8.41: கியூபாவுல சோவியத் ஏவுகணை வச்சப்போ, 1962லயே யூ-2 உளவு விமானம் எடுத்த படம் இருந்துச்சே. அமெரிக்கா கணிச்ச சோவியத் வீரர் 10,000, இருந்தது 40,000க்கு மேல. சண்டைக்களத்துச் சின்ன அணு ஆயுதம் அங்க இருந்தது 30 வருஷம் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு. அவ்வளவும் தெரியாமலே விமானப்படைத் தளபதி ஒருத்தர் கென்னடிகிட்ட, எல்லா ஏவுகணையும் அழியும்னு உறுதி தர முடியாதுன்னுட்டார்.

செல்வி சித்தி, 8.44: 2003 ஈராக் வேற ரகம். நடமாடும் உயிரி ஆயுத ஆய்வுக்கூடம்னு அமெரிக்க வெளியுறவு மந்திரி பவல் ஐ.நா.ல காட்டினது முக்கியமா ஒருத்தன் வாய்வார்த்தை. அது பொய்னு 2011ல அவனே ஒத்துக்கிட்டான்.

கதிர், 8.46: 1981ல ஈராக்கோட ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் உடைச்சது? அது பலிச்சுதே.

ராஜி மாமா, 8.49: கட்டடம் போச்சு. சதாம் வேலையை ரகசியமா மாத்தி இன்னும் பணம் கொட்டினான். 1991 போருக்குப் பிறகு ஆய்வாளர்கள் போய்த்தான் யுரேனியம் செறிவூட்டல் எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுது. ஆனா அண்ணே, 1973ஐ விட்டுட்டீங்க. அக்டோபர் 6 காலையில இஸ்ரேல் தளபதி எலாசர் கேட்டும் பிரதமர் கோல்டா மெயர் முந்தவிடலை. மதியம் 2 மணிக்கு எகிப்து, சிரியா அடி விழுந்துச்சு. 2,500 வீரர்களுக்கு மேல சாவு. அது தப்பு.

பெரியப்பா, 8.53: முதல் அடி தங்களோடதுன்னா அமெரிக்க உதவி நின்னுடும்னு பயந்தாங்க. அதுவும் தவிர, மறுநாள் சிரியாவோட விமான எதிர்ப்பு ஏவுகணை வேலி மேல போன தாக்குதலைப் பாரு. ஆறு பாண்டம் போர் விமானம் போச்சு, சாய்ஞ்சது ஒரே பேட்டரி, அதாவது ஒரே ஏவுகணைப் பிரிவு. முந்தின நாள் காலையில போயிருந்தா மட்டும் அந்த வேலி அங்க இருந்திருக்காதா?

ராஜி மாமா, 8.54: அது பழைய படத்தை வச்சுக்கிட்டு போனதால. பேட்டரியை இடம் மாத்தியிருந்தான்.

பெரியப்பா, 8.55: நானும் அதைத்தானே சொல்றேன்.