அறிய அறிய உலகம் தெளிகிறதா, இன்னும் புதிராகிறதா?

ஈசூன் இளங்கோ

போன சனிக்கிழமை கோப்பிக் கடையில் ஒரு நண்பர் சொன்னார்: "படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம். ஒன்றும் தெரியாதவனுக்குத்தான் உலகம் தெளிவாக இருக்கிறது." என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். காலை ஆறரைக்குக் கிளம்புவாள். இங்கே சிங்கப்பூரில், பிப்ரவரியில் அந்த நேரத்துக்குக் கும்மிருட்டு. அக்டோபர் கடைசியில் அதே ஆறரைக்கு வானம் வெளுத்திருக்கும். "நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறோம், பகல் நீளம் வருடம் முழுக்க ஒன்றுதானே, பிறகு ஏன் அப்பா இப்படி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து தேடினோம். பகல் நீளம் இங்கே பத்து நிமிடம்கூட மாறுவதில்லை. ஆனால் சூரியன் நவம்பர் தொடக்கத்தில் 6.46க்கு உதிக்கிறது, பிப்ரவரி நடுவில் 7.16க்கு உதிக்கிறது. பூமி சுற்றும் பாதை சரியான வட்டமில்லை, அதன் வேகமும் ஒரே சீராக இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் கடிகாரத்துக்கு முந்தியும் பிந்தியும் போகிறது. அப்புறம், 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து நாமும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினோம். இங்கே உச்சிவெயில் பன்னிரண்டுக்கு வராமல் ஒரு மணியை ஒட்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அவள் ஜன்னல் பக்கம் நின்று, "இன்னும் கொஞ்ச நாளில் இந்த நேரத்துக்கு வெளிச்சம் வந்துவிடும்" என்கிறாள். இது தெளிவு இல்லாமல் வேறென்ன?

வாணி தாதி

இளங்கோ அண்ணே, சூரியன் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் என் வேலை எனக்கு வேறு பாடம் சொல்லியிருக்கிறது.

பதினெட்டு வருடமாக அறுவைக் கூடத்தில் மயக்க மருந்துப் பிரிவில் இருக்கிறேன். புரோபோஃபால் என்ற மருந்து பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். நரம்பில் ஏறும்போது சிலருக்குச் சுருக்கென்று எரியும். ஒரு நிமிடத்துக்குள் பேச்சு குழறும், கண் செருகும். இமை மயிரை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்ப்போம். இமை துடிக்காவிட்டால் ஆள் மயங்கிவிட்டார் என்று அர்த்தம். இதை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பேனோ.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நீங்க எழுப்புற வரைக்கும் நான் எங்கேம்மா இருப்பேன்?" தயங்காமல், "தூங்கிக்கிட்டு இருப்பீங்க பாட்டி" என்றேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது.

பிறகு படித்தேன். அது தூக்கமே இல்லை. மூளையின் மின்னலைகளைப் பார்த்தால் தூக்கத்தைவிடக் கோமாவுக்குத்தான் அருகில் இருக்கிறது. மருந்து மூளையணுக்களில் காபா ஏற்பிகள் என்ற இடங்களில் போய் ஒட்டி அந்த அணுக்களை அடக்குகிறது, அதுவரை தெரியும். ஆனால் அணுக்கள் அடங்கினால் "நான்" என்ற நினைப்பு ஏன் போகிறது, திரும்பும்போது அதே ஆளாக எப்படித் திரும்புகிறது என்பதை இன்றுவரை யாரும் முழுசாகச் சொல்லவில்லை. அந்தப் பாட்டி இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அறிவு கூடியதால்தான் பதில் போனது. வள்ளுவர் "அறிதோறு அறியாமை கண்டற்றால்" என்றது இதைத்தானே?

ஈசூன் இளங்கோ

வாணி, பாட்டியின் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து ஒருவரை மயக்கி, பலர் முன்னால் அறுவை செய்யவைத்தார். அதற்கு முன்னால் ஆளைக் கட்டிப்போட்டு, அலற அலறத்தான் வெட்டினார்கள். இன்று எத்தனை மருந்து, எத்தனை நிமிடம், எப்போது எழுப்புவது எல்லாம் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். மீதி இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத மிச்சத்தை வைத்து உலகமே புதிர் என்று சொல்லலாமா?

ஆற்றங்கரை

இடையில் ஒன்று. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் மூன்று மீட்டர் உயரப் பாறை ஒன்று இருந்தது, அதில் ஐம்பது வரி போல எழுத்து. 1843ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். இன்றுவரை யாரும் முழுசாகப் படித்ததில்லை. 2019ல் இயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர் அதில் "கேசரிவ" என்ற எழுத்துகள் தெரிவதாகவும், சோழ மன்னர்களின் பட்டமான பரகேசரிவர்மனின் ஒரு பகுதியாக அது இருக்கலாம் என்றும் எழுதினார். அதுவரை ஒரே கேள்வி: என்ன எழுதியிருக்கிறது? இப்போதோ எந்தப் பரகேசரி, 1025ல் கடல் கடந்து படையனுப்பிய ராஜேந்திரனா, பின்னால் வந்தவனா, இல்லை அந்த வாசிப்பே தவறா? நாலு எழுத்து தெரிந்ததும் பத்துக் கேள்வி முளைத்துவிட்டது. நான் வாணி பக்கம்.

பிடோக் வாத்தியார்

ஆற்றங்கரை தம்பி, அந்தப் புதிரை நமக்குத் தந்தது அறிவு அல்ல, வெடிமருந்து. பாறை முழுதாக நின்றிருந்தால் அடுத்த வரியைப் படித்து எந்த மன்னன் என்று சொல்லியிருப்பார்கள். இழப்பையும் அறிவையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வாணியம்மா, குறளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், விட மனசு வரவில்லை. அது 1110ஆம் குறள்:

அறிதோறு அறியாமை கண்டற்றால் காமம்
செறிதோறும் சேயிழை மாட்டு

பலரும் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். இவளைச் சேரச் சேரக் காதலும் அப்படித்தான் புதிதாகத் தெரிகிறது என்பது இரண்டாவது வரி. குறள் இருப்பது கல்வி அதிகாரத்தில் இல்லை, காமத்துப்பாலில், புணர்ச்சி மகிழ்தலில். பரிமேலழகர் "முன்னை அறியாமை" என்று உரை எழுதுகிறார். அதாவது, இன்று ஒன்றை அறிந்ததும் நேற்றுவரை இதை அறியாமல் இருந்தோமே என்று தெரிகிறது. அறியாமை பின்னால்தான் கிடக்கிறது, முன்னால் இல்லை. விளக்கை ஏற்றியவனுக்குத்தான் இவ்வளவு நேரம் இருட்டில் இருந்தோம் என்பது தெரியும். குறள் இளங்கோ பக்கம் பேசுகிறது.

வாணி தாதி

ஐயா, உரையை எடுத்துச் சொன்னதற்கு நன்றி, எனக்கு அது தெரியாது. ஆனால் அந்த உரையை வைத்தே கேட்கிறேன். வள்ளுவர் "அறிந்தபின்" என்று சொல்லவில்லை, "அறிதோறு" என்கிறார். ஒவ்வொரு முறையும். அப்படியானால் இன்று நான் தெளிவு என்று நினைப்பதையும் நாளைக்குத் திரும்பிப் பார்த்து அறியாமை என்றுதான் சொல்வேன். அது முடிகிற இடமே இல்லை. காதலுக்கு அதை உவமையாக வைத்ததும் அதனால்தானே? சேரச் சேரத் தீர்ந்துபோகிற ஆசை என்றால் அந்தக் குறளே எழுதியிருக்க மாட்டார்.

பிடோக் வாத்தியார்

"தோறு"வை நான் அப்படி யோசித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா, அந்த அதிகாரத்தின் பெயரில் மகிழ்தல் என்று இருக்கிறது. உங்கள் எழுத்தில் அது தெரியவில்லையே, வருத்தம்தான் தெரிகிறது.

அட்மிரல்டி செல்வி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். கண்டுபிடிப்பதற்கு முன் ஒன்றரை வருடம் நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். சட்டைப் பித்தான் போட அரை மணி நேரம். கூப்பிட்டால் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. "ஏன்ப்பா இப்படி மூஞ்சியை வெச்சிருக்கீங்க" என்று நானே கத்தியிருக்கிறேன். முதலில் பார்த்த ஒரு டாக்டர் வயசுக் கோளாறு என்று அனுப்பிவிட்டார். பிறகு வந்த டாக்டர் தாளில் மூளையை வரைந்து, உடல் அசைவுக்கு வேண்டிய டோப்பமின் என்ற பொருளைச் சுரக்கிற அணுக்கள் இந்த இடத்தில் செத்துப்போகின்றன, கை நடுங்கத் தொடங்கும்போதே பெரும்பங்கு போயிருக்கும் என்று காட்டினார். முகம் இறுகுவதும் நோய்தான் என்றார். அன்று இரவு அம்மா அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே அழுதார். அந்தத் தாள் இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருப்போம். அதனால் தெளிவு வேண்டாம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஒன்று. அப்பா மின்தூக்கி வாசலில் அப்படியே உறைந்து நின்றுவிடுவார். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. கதவு மூடித் திறந்து, மூடித் திறந்து, பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அதே அப்பா புளோக் கீழ்த்தளத்தில் தரையில் பட்டைப் பட்டையாகக் கோடு போட்ட இடம் வந்தால் ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி விறுவிறுவென்று போகிறார். படிக்கட்டும் ஏறிவிடுவார். சமதளத்தில் முடியாதவர்! கண்ணால் பார்க்கிற கோடு மூளையில் வேறு வழியாகக் காலுக்குக் கட்டளை அனுப்புகிறது என்று சிகிச்சையாளர் சொன்னார். புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நின்று பார்க்கிறேன். நோயைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தால் "இப்ப மட்டும் நடக்கிறாரே" என்று சந்தேகப்பட்டிருப்பேன். தெரிந்ததால்தான் அது எனக்கு அதிசயமாக இருக்கிறது.

வாத்தியார் ஐயா கேட்ட மகிழ்ச்சி அதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாணி தாதி

செல்வி, எனக்கும் அந்தப் பாட்டி கேட்ட நாளை நினைத்தால் வருத்தம் இல்லை. ஐயாவுக்கு என் எழுத்தில் அப்படித் தெரிந்திருக்கிறது. இமையைத் தொட்டுப் பார்க்கிற அந்த நொடியில் இப்போதும் எனக்கு மேல் சிலிர்க்கும். புதிர் என்று நான் சொன்னது அதைத்தான். என் கட்சியை விடவில்லை.

ஈசூன் இளங்கோ

நானும் விடவில்லை. உங்கள் அப்பாவுக்கு இரண்டு முறை கைகொடுத்தது தெளிவு, செல்வி: அந்தத் தாள் ஒன்று, அந்தக் கோடு ஒன்று.

ஒன்று கேட்கலாமா? என் மாமாவுக்கும் இதே நோய். வீட்டுக்குள் சமையலறை வாசலில்தான் நின்றுவிடுகிறார். நீங்கள் வீட்டில் கோடு ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

அட்மிரல்டி செல்வி

போட்டிருக்கிறோம் அண்ணே. கலர் டேப். நடக்கிற வழிக்குக் குறுக்கே, அவர் எட்டு வைக்கிற தூரத்துக்கு ஒன்று. தரை வெள்ளை என்றால் கறுப்பு அல்லது சிவப்பு டேப் எடுங்கள், எடுப்பாகத் தெரிய வேண்டும். ஓரம் பிய்ந்தால் தடுக்கிவிடும், அடிக்கடி பாருங்கள். உங்கள் மாமாவின் சிகிச்சையாளரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.