‘கேஸ்’ என்று சொல்வதால் வரும் குழப்பம்: குளிர்ப்பாய்மம் என்ற சொல்லுக்காக

ஏசிக்குள் ஓடிக் குளிரைத் தரும் பொருளான ‘ரெஃப்ரிஜரன்ட்’டுக்குக் ‘குளிர்ப்பாய்மம்’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த மறுப்புகளுக்கு இங்கே பதில்.

> ‘ரெஃப்ரிஜரன்ட்’ என்பதற்குக் ‘குளிரூட்டி’ போதும். எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா.

எல்லோருக்கும் புரியும், ஆனால் ஆளுக்கொரு விதமாகப் புரியும். ஏசி இயந்திரத்தையே குளிரூட்டி என்று எழுதுகிறோம். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டையும் அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். கார் ஏசியில் குளிர்ந்த காற்று வராதபோது என்ன செய்வது என்று விளக்கும் கட்டுரையில் ‘குளிரூட்டி குறைந்திருக்கிறதா பாருங்கள்’ என்று ஒரு வரி இருந்தால், படிப்பவர் நேராக ரேடியேட்டர் மூடியைத் திருகப் போவார். எஞ்சின் சூடாக இருந்தால் கை வெந்துவிடும். ஒரே பானெட்டுக்குள் இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயர் வேண்டாம்.

> அப்படியானால் ‘குளிர்வாயு’ என்று வைக்கலாமே? மக்களும் ‘கேஸ்’ என்றுதானே சொல்கிறார்கள்.

இதற்குத்தான் நீளமாக மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது, அம்மா. பழுது பார்ப்பதில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ‘கேஸ்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

கேஸ் என்றவுடன் அடுப்புக்கு வரும் சிலிண்டர் நினைவுக்கு வருகிறது. எரிந்து தீரும், மறுபடி நிரப்ப வேண்டும். கார் ஏசிக்குள் ஓடும் பொருளை நாம் எரிப்பதுமில்லை, அது செலவாவதுமில்லை. அதை அமுக்கும் கம்ப்ரஸர், ஆவியை நீர்மமாக்கும் கண்டென்சர், அழுத்தத்தைக் குறைக்கும் விரிவு வால்வு, நீர்மத்தை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் ஆவியாக்கி, மறுபடி கம்ப்ரஸர் என்று மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. இணைப்புகள் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிது கசியலாம். ஒரு கோடைக்குள் குளிர்ச்சி போய்விட்டால், எங்கோ சரியான ஓட்டை இருக்கிறது. ‘கேஸ் தீர்ந்துவிட்டது, அடித்துவிடலாம்’ என்ற பேச்சில் அந்த ஓட்டை மறைந்துபோகிறது. அடுத்த கோடையில் அதே பேச்சு மறுபடி வரும்.

இரண்டாவது குழப்பம் இன்னும் நுட்பமானது. வெறும் வாயு என்றால் அழுத்தம் குறையக் குறைய அளவும் குறைகிறது என்று கணக்குப் போடலாம். இங்கே அது செல்லாது. கார் ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ என்ற ரெஃப்ரிஜரன்ட், வளிமண்டல அழுத்தத்தில் சுமார் மைனஸ் 26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். மூடிய சுற்றுக்குள் அது நீர்மமும் ஆவியுமாகச் சேர்ந்திருக்கும். எஞ்சின் ஓடாமல், வெப்பநிலை 30 பாகையாக இருந்தால், அழுத்தத்தைக் காட்டும் அளவுமானி 95 பி.எஸ்.ஐ.யை (அழுத்த அலகு) ஒட்டிக் காட்டும். உள்ளே முழு அளவு இருந்தாலும் அதே முள், பாதிதான் இருந்தாலும் அதே முள். ஒரு துளி நீர்மம் மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். அதனால்தான் முறையாக வேலை செய்பவர்கள் இருப்பதை வெளியே எடுத்து, வெற்றிடமாக்கி, தயாரிப்பாளர் சொன்ன எடைக்கு நிறுத்து நிரப்புகிறார்கள். சிறிய கார்களில் அது ஏறக்குறைய அரைக் கிலோ. ஐம்பது, நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சியில் தெரியும். ‘வாயு’ என்று பெயர் வைத்துவிட்டு இதை யாருக்கும் விளக்க முடியாது.

எனவே என் முன்மொழிவு: குளிர்ப்பாய்மம். நீர்மம், வாயு இரண்டையும் அடக்கும் ‘பாய்மம்’ நம்மிடம் ஏற்கெனவே வேரூன்றிய சொல். பாயும் என்பதும் அதில் இருக்கிறது.

நடுவில் வரும் ‘ப்’ வேண்டுமா என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும். ‘குளிர்பாய்மம்’ என்றால், குளிர்பானம் போல வினைத்தொகையாகி, குளிர்ந்திருக்கும் பாய்மம் என்று பொருள்படும். கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் குழாயைத் தொட்டவர் யாரும் அதைக் குளிர்ந்தது என்று சொல்லமாட்டார்கள். ‘குளிர்ப்பாய்மம்’ தண்ணீர்ப்பந்தல் போன்றது. குளிரைத் தரும் பாய்மம். ஆர்-12 ஆனாலும், ஓசோன் படலத்தைக் காக்க வந்த மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஆனாலும், இப்போது புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் ஆனாலும் பெயர் பொருந்தும்.

சொல்லைப் புழங்கிப் பார்த்தால்தான் அதன் தகுதி தெரியும். கீழே சில வாக்கியங்கள்.

ஏசியைப் போட்டதும், கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கம்ப்ரஸர் கிளட்ச் ‘டக்’ என்று பிடிக்கிறதா என்று கேளுங்கள். பிடிக்கவே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, கிளட்ச் சுருள் ஆகியவற்றோடு குளிர்ப்பாய்மத்தின் அளவும் சந்தேகத்துக்குரியது. அது மிகக் குறைந்தால் அழுத்த உணரி கம்ப்ரஸரை ஓட விடாது. உணரியைத் தாண்டி நேரடியாக மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம். கம்ப்ரஸருக்கான எண்ணெயைச் சுமந்து திரிவதும் குளிர்ப்பாய்மம்தான். அது இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் உராய்ந்து கெடும்.

கிளட்ச் பிடித்தும் விட்டும் மாறிமாறித் துடித்தால் குளிர்ப்பாய்மம் குறைவாக இருக்கலாம். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு அங்கேதான் என்று முதலில் சந்தேகியுங்கள். வண்டி ஓடும்போது குளிர்ந்து, நின்றால் வெப்பக் காற்று வந்தால் கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். ஓடும்போது தாழழுத்தப் பக்கத்து (கம்ப்ரஸருக்குள் போகும் பக்கம்) முள் சுழியத்துக்கும் கீழே போனால் விரிவு வால்வில் அடைப்பு இருக்கலாம். தாழழுத்தப் பக்கம், கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் உயரழுத்தப் பக்கம் ஆகிய இரு பக்க முள்களும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் அமுக்கவில்லை.

எங்கும் சொல் இடறவில்லை என்றே நினைக்கிறேன். ‘கேஸ்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், எண்ணெய் பற்றிய வாக்கியமே விளங்காது.

கம்ப்ரஸருக்கு ‘அமுக்கி’ இருக்கிறது. இருந்தாலும் கடையில் உதிரிப்பாகம் கேட்பவருக்குக் கம்ப்ரஸரே உதவும் என்பதால் அதைத் தொடவில்லை. கிளட்சும் அப்படியே. வழக்கில் தெளிவாக நிற்கும் கடன்சொல்லோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை.

இன்னும் ஒன்றுக்குச் சொல் வேண்டும். தாழழுத்தக் குழாய் சில்லென்று இருக்கிறது, அளவுமானியிலும் குறையில்லை, ஆனால் உள்ளே வருவது வெதுவெதுப்பான காற்று. அப்போது கோளாறு டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கலாம்: ஹீட்டர் வழியாக எவ்வளவு காற்று போக வேண்டும் என்று திறந்து மூடும் அந்தத் தட்டு, வெப்பப் பக்கம் சிக்கிக்கொண்டிருக்கும். ‘கலப்புக் கதவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கதவு என்றால் கார்க் கதவோடு குழம்பும். ‘கலப்பு மடல்’ என்கிறேன். மடலை மின்னஞ்சல் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று அஞ்சுபவர்கள், அதைவிட நல்லது ஒன்றைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். குளிர்ப்பாய்மத்தை மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.