த்ரஸ்டரில் நடு ஃபினைக் கழற்றினால் ட்வின் ஆகிவிடுமா?

கரையோரக்காகம்:

இரண்டு வருடமாக அலைச்சறுக்கில் த்ரஸ்டர் (வாலடியில் மூன்று ஃபின், அதாவது மூன்று துடுப்பு உள்ள பலகை) மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். பலகை 5 அடி 10 அங்குலம், ஸ்குவாஷ் வால் (முனை மழுங்கிய சதுர வால்). அடியில் ஐந்து ஃபின் பெட்டிகள் இருக்கின்றன, அதில் இரண்டு வாங்கிய நாளிலிருந்து மணலைத்தான் சேமித்து வைத்திருக்கின்றன. என் எடை 78 கிலோ, போட்டிருப்பது மீடியம் செட்.

போன வாரம் அலை இடுப்பளவுதான், அதுவும் எழுந்திருக்கவே சோம்பல்படும் அலை. சின்ன அலையில் ட்வின் (இரண்டு ஃபின்) பறக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, மூன்றில் ஒன்றை எடுத்தால் இரண்டுதானே என்று நடு ஃபினைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முதல் அலையில் நேராகப் போகும்போது அவ்வளவு சந்தோஷம், யாரோ பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்ட மாதிரி. அப்புறம் அலையின் அடியில் திரும்பும் பாட்டம் டர்னுக்குப் பின்காலை அழுத்தினேன், சோப்புத் தண்ணீரில் மிதித்தது போல வால் வெளியே ஓடிவிட்டது. ஆறு அலையில் நாலு இதே கதி. மெதுவாகச் சாய்த்தால் நிற்கிறது, கொஞ்சம் வேகமாக அழுத்தினால் போச்சு.

தப்பு என் காலிலா, ஃபினிலா? தனியாக ட்வின் செட் வாங்க வேண்டுமா, இல்லை அந்த இரண்டு காலிப் பெட்டிகளையும் நிரப்பி குவாட் (நாலு ஃபின்) போட்டுப் பார்க்கலாமா? கேன்ட், டோ இன் என்றெல்லாம் எழுதுகிறார்கள், அதெல்லாம் நாம் வீட்டில் மாற்றக்கூடிய சமாச்சாரமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

உப்புத்தோல்:

நீங்கள் ஓட்டியது ட்வின் இல்லை, ஒரு கால் ஒடிந்த முக்காலி.

த்ரஸ்டரின் பக்க ஃபின்கள் மூன்றில் ஒரு பங்கு வேலைக்காக அளவெடுக்கப்பட்டவை. மீடியம் செட்டில் ஒரு ஃபினின் உயரம் ஏறக்குறைய 4.5 அங்குலம் இருக்கும். ட்வினுக்கென்றே செய்த நிமிர்ந்த ஃபினை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 5 அங்குலத்தைத் தாண்டும், அடியும் அகலம். கீல் வகை என்றால் உயரம் குறைவு, ஆனால் அடி 6 அங்குலத்துக்கு மேல் நீண்டு கிடக்கும். இரண்டில் எதை எடுத்தாலும் பரப்பளவு உங்கள் பக்க ஃபினைவிட நன்றாகவே கூடுதல்.

பலகையைச் சாய்த்துத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். அலைப் பக்கத்து ரெயில் (பலகையின் பக்க விளிம்பு) தண்ணீருக்குள் அமுங்குகிறது, எதிர்ப் பக்கத்து ஃபின் பாதியோ முழுதுமோ தண்ணீரை விட்டு மேலே வந்துவிடுகிறது. த்ரஸ்டரில் அந்த நேரத்தில் ஒரு பக்க ஃபினும் நடு ஃபினும் சேர்ந்து வாலைப் பிடிக்கின்றன. நடுவில் இருந்ததை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரே ஒரு குட்டி ஃபின், அதன் மேல் 78 கிலோவும் அந்தத் திருப்பத்தின் விசையும். ஓடாமல் என்ன செய்யும்? போதாததற்கு மீடியம் என்பது பொதுவாக 65 முதல் 80 கிலோவுக்குச் சொல்லப்படுவது, நீங்கள் ஏற்கெனவே மேல் விளிம்பில் நிற்கிறீர்கள்.

நேராகப் போகும்போது பிரேக் விட்டது போல இருந்தது என்றீர்களே, அது பிரமை இல்லை. பக்க ஃபின்கள் மூக்கை நோக்கிக் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கும் (இதுதான் டோ இன்), நடு ஃபின் மட்டும் நேராக நிற்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவையில் ஒரு பங்கு போனதைத்தான் உங்கள் கால் உணர்ந்தது.

கேன்ட் என்பது ஃபின் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம், பக்க ஃபின்களுக்குப் பெரும்பாலும் 5, 6 டிகிரி. இது கூடினால் திருப்பம் இளகும், நேர்க்கோட்டு வேகம் கொஞ்சம் குறையும். டோ இன், கேன்ட் இரண்டையும் பலகை செய்கிற ஷேப்பர் பெட்டியைப் பதிக்கும்போதே தீர்மானித்துவிடுகிறார், நம் கையில் இல்லை, அதை மறந்துவிடுங்கள். நம் கையில் இருப்பவை எண்ணிக்கை, அளவு, ரேக் (பின்னோக்கிய சாய்வு), அடி அகலம், ஃபாயில் (குறுக்குவெட்டின் வளைவு), ஃப்ளெக்ஸ் (வளையும் தன்மை). இதிலேயே ஒரு வருடம் ஓடிவிடும்.

பழைய ரெசின்:

தம்பி, உங்களுக்கு நடந்தது 1980-லேயே ஒருவருக்கு நடந்தது, அதனால்தான் இன்று உங்கள் பலகையில் மூன்று ஃபின் இருக்கிறது.

ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் மார்க் ரிச்சர்ட்ஸ் ட்வின் ஃபினை வைத்துக்கொண்டு 1979 முதல் 1982 வரை நாலு உலகப் பட்டங்களைத் தொடர்ச்சியாக அடித்தார். எல்லோரும் ட்வினுக்கு ஓடினார்கள். அதே ஆஸ்திரேலியாவில் சைமன் ஆண்டர்சன் நல்ல உயரமும் எடையுமுள்ள ஆள், முழுப் பலத்தோடு திருப்புகிறவர். அவர் காலடியில் ட்வின் உங்களுக்குச் செய்த அதே வேலையைத்தான் செய்தது, அழுத்தினால் வால் ஓடிவிடும். நண்பர் ஒருவரின் ட்வினில் வால் நுனியில் ஒரு குட்டி மூன்றாம் ஃபின் இருந்ததைப் பார்த்தார். அதையே பெரிதாக்கி மூன்றையும் ஒரே அளவில் வைத்தால் என்ன என்று பலகை செய்தார். 1981-ல் பெல்ஸ் பீச் போட்டியைப் பெரிய அலையில் அதை வைத்தே ஜெயித்தார், அதே வருடம் ஹவாயின் பைப்லைன் போட்டியையும். காப்புரிமை வாங்கவில்லை, அது தனிச் சோகம். ரிச்சர்ட்ஸும் ஹவாயின் பெரிய அலைகளுக்கு சிங்கிள் ஃபினைத்தான் எடுத்துக்கொண்டு போனார், இதை ட்வின் பக்தர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1935-ல் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் ஒரு பழைய ஸ்பீட்போட்டின் கீலை எடுத்துத் தன் பலகைக்கு அடியில் பொருத்தியதும் இதே தொல்லைக்காகத்தான். அதுவரை ஃபினே கிடையாது, திசை மாற்ற வேண்டுமென்றால் பின்காலைத் தண்ணீரில் இழுக்க வேண்டும். தொண்ணூறு வருடமாக நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருப்பது ஒரே விஷயம்தான்: வால் எவ்வளவு ஓடலாம், எவ்வளவு நிற்க வேண்டும்.

நேரடி யோசனை: இப்போதைக்கு ட்வின் செட் வாங்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் இரண்டும் இருக்கட்டும், நடுவில் மட்டும் சின்ன அளவு ஃபின் ஒன்றைப் போடுங்கள். யாரிடமாவது ஸ்மால் செட்டின் நடு ஃபின் சும்மா கிடக்கும், கேட்டு வாங்குங்கள். வால் இளகும், ஆனால் கையை விட்டுப் போகாது. அது பழகிய பிறகு பெரிய ட்வின் இரண்டு, பின்னால் ட்ரெயிலர் என்கிற குட்டி மூன்றாம் ஃபின் என்று போகலாம். எடுத்த எடுப்பில் மூன்றிலிருந்து இரண்டுக்குக் குதிக்க வேண்டாம்.

வாங்கும் முன் பெட்டி என்ன வகை என்று பாருங்கள். எஃப்சிஎஸ், ஃப்யூச்சர்ஸ் இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தின் பெட்டி முறைகள்; எஃப்சிஎஸ் பெட்டியில் ஃப்யூச்சர்ஸ் ஃபின் ஏறாது, அதில் கால் இரண்டு, இதில் ஒரே நீளக் கால். அப்புறம் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத குட்டி ஸ்க்ரூ) போடும் வகை என்றால் உபரியாக நாலு ஸ்க்ரூ எப்போதும் பையில் இருக்கட்டும், மணலில் விழுந்தால் சிவனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

நாலுகால்நண்டு:

குவாட் போடுங்கள். யாருமே அதற்குப் பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன்.

குவாட்டில் நடுவில் எதுவும் இல்லை, அதனால் நீங்கள் ரசித்த அந்த பிரேக் விட்ட உணர்வு அப்படியே கிடைக்கும். ஆனால் சாய்த்தால் ஒரே ரெயிலில் முன்னும் பின்னுமாக இரண்டு ஃபின் தண்ணீருக்குள் இருக்கும், ஆகவே வால் ஓடாது. செங்குத்தாக எழுந்து குழலாக மடியும் அலையில் இதன் பிடி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. சோம்பல் அலையிலும் நல்லது, தட்டையான இடத்தைத் தாண்ட வேகம் மிச்சமிருக்கும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். த்ரஸ்டரில் அலையின் உச்சிக்கு ஏறி வாலை ஒரே புள்ளியில் வைத்துச் சட்டென்று திருப்புவீர்கள் அல்லவா, நடு ஃபின்தான் அங்கே அச்சாணி. குவாட்டில் அந்த அச்சாணி கிடையாது. ரெயில் மேல் நீண்ட வளைவாகத்தான் வர வேண்டும், பாதியில் மனசு மாறினால் அது ஒத்துழைக்காது. முதல் மூன்று நாள் தண்டவாளத்தில் ஓடுவது போல இருந்தது, பலகையையே விற்றுவிடலாமா என்று யோசித்தேன். பின் ஃபின் இரண்டையும் ஒரு அளவு சின்னதாக்கியதும் கட்டு அவிழ்ந்தது. பின் ஃபின் சின்னதானால் ட்வின் பக்கம் சாயும், பெரிதானால் பிடி கூடும். பெட்டிகள் ரெயிலை ஒட்டி இருந்தால் ட்வின் வாசனை, நடுக்கோட்டை ஒட்டி இருந்தால் த்ரஸ்டர் வாசனை. உங்கள் பலகையில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விடிவதற்கு முன் இருட்டில் ஃபின் மாட்டி, த்ரஸ்டர் நடு ஃபினைப் பக்கத்திலும் பக்க ஃபினை நடுவிலும் போட்டு ஒரு வாரம் ஓட்டிய மகான் நான். இடப்பக்கம் மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது என்று என் இடுப்பைச் சந்தேகப்பட்டு உடற்பயிற்சியெல்லாம் செய்தேன். நடு ஃபின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்திருக்கும், பக்க ஃபினில் உள்பக்கம் தட்டையாக இருக்கும், தட்டைப் பக்கம் நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும். விரலால் தடவினாலே தெரியும்.

மெழுகுக்கட்டி:

எல்லாம் சரி, ஆனால் பலகையோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் ஃபினா என்பதை யாருமே கேட்கவில்லையே? அப்படியென்றால் எண்ணிக்கையை மாற்றுவதற்கு முன் அதை மாற்றுங்கள். அது அடியிலிருந்தே வளையும், நீங்கள் அழுத்துவதில் பாதி அங்கேயே கரைந்துவிடும். ஃப்ளெக்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. ஜார்ஜ் கிரீனோ அறுபதுகளிலேயே சூரை மீனின் துடுப்பைப் பார்த்து வளையும் ஃபின் செய்தவர்தான், ஆனால் அவருடையது அடியில் விறைப்பு, நுனியில் வளைவு, வளைந்தது திரும்பி உதைக்கும். பிளாஸ்டிக் வளையும், உதைக்காது.

இன்னொன்று, உங்கள் ஸ்குவாஷ் வால் நடு ஃபினை நம்பி வரைந்தது. உண்மையான ட்வின் சுகம் அகலமான மீன்வால் பலகையில்தான். ஃபினை மாற்றி ஆட்டைக் குதிரையாக்க முடியாது.

உப்புத்தோல்:

மெழுகுக்கட்டி சொன்னதில் கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். ஸ்குவாஷ் வாலில் பெரிய ட்வினும் ட்ரெயிலரும் போட்டு நான் ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறேன், குதிரை ஆகவில்லைதான், ஆனால் ஆடும் இல்லை.

சோதிக்கும் முறை பற்றி ஒன்று. ஒரு நாள் ஒரு செட், மறுநாள் வேறு செட் என்று ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது அலையை, ஃபினை அல்ல. ஒரே நாளில் பத்து அலை, கரைக்கு வந்து மாற்றி, மறுபடி பத்து அலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதுவும் முதல் மூன்று அலையை எண்ணாதீர்கள், அவ்வளவு நேரம் கால் பழைய ஃபினையே தேடிக்கொண்டிருக்கும்.

கரையோரக்காகம்:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஆமாம், பிளாஸ்டிக்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கண்ணாடியிழை செட் ஒன்று, லார்ஜ், பழையது கிடைத்தது. மூன்றையும் போட்டு ஓட்டியபோது நிச்சயமாக மரம் மாதிரி இருந்தது, பிடி இருக்கிறது, ஆனால் திருப்ப மனு கொடுக்க வேண்டியிருந்தது. ரெசின் அண்ணா சொன்னபடி நடுவில் மட்டும் ஸ்மாலை வைத்தேன், அதே நாள், அதே அலை. நாலாவது அலையில் கட்பேக் (அலை உடையும் பக்கமாகத் திரும்பி வருவது) போகும்போது வால் கொஞ்சமே கொஞ்சம் நழுவித் தானே வந்து பிடித்துக்கொண்டது பாருங்கள், கத்திவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் சுறாவோ என்று திரும்பிப் பார்த்தார். இதுவரை போட்டதில் இதுதான் பிடித்திருக்கிறது.

குவாட்டும் பார்த்தேன், நண்டு மன்னிக்கவும், எனக்கு அந்தத் தண்டவாளம்தான் கிடைத்தது. பின் பெட்டிகள் நடுக்கோட்டுக்குக் கிட்டத்தில் இருக்கின்றன, அதனாலோ என்னவோ. நெஞ்சளவு அலை வந்த ஒரு நாள் மட்டும் அதன் அர்த்தம் புரிந்தது. மற்ற மூன்று பேர் வழுக்கிய இடத்தில் நான் ஒட்டிக்கொண்டே போனேன். ஆக, கழற்றி வீசவில்லை, அந்த மாதிரி நாளுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

புதுத் தொல்லை ஒன்று. வேகம் எடுத்தால் அடியிலிருந்து ரீங்காரம் கேட்கிறது, கொசு மைக்கில் பாடுவது போல. இது எதனால்?

பழைய ரெசின்:

பழைய ஃபின் என்றீர்களே, பின்விளிம்பில் எங்காவது தடிப்போ பல்லோ இருக்கும். அங்கே தண்ணீர் சுழல் சுழலாகப் பிரிந்து ஃபினை அதிர வைக்கிறது. வேகத்துக்கு அது பெரிய நஷ்டம் இல்லை, காதுக்குத்தான். கழற்றி, 400 நம்பர் தண்ணீர் உப்புத்தாளால் பின்விளிம்பை மட்டும் ஒரே சீராக மெல்லியதாக்குங்கள், முன்விளிம்பைத் தொடாதீர்கள். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூவை நன்றாக இறுக்குங்கள், ஆடினாலும் பாடும்.

கரையோரக்காகம்:

தேய்த்துவிட்டேன், பாட்டு நின்றுவிட்டது. இடப்பக்கத்து ஸ்க்ரூ ஒன்று மணலில் விழுந்தது. பையில் உபரி நாலும் இருந்தன, இப்போது மூன்று.