பிரிட்டிஷ் ஆல்பம் தரவரிசை 1956–1971: பல பட்டியல்களை ஒன்றாக்குவது சரியா?

வினைல்பித்தன்:

நண்பர்களுக்கு வணக்கம். பிரிட்டனில் 1956 முதல் 1971 வரை விற்ற ஆல்பங்களுக்கு வாரவாரியாக ஒருங்கிணைந்த தரவரிசை ஒன்றைத் தொகுத்து வருகிறேன். இன்று அதிகாரபூர்வம் என்று ஏற்கப்பட்டிருக்கும் வரலாறு ஒரே மூலத்திலிருந்து வந்ததன்று. 1956 ஜூலை முதல் 1958 நவம்பர் வரை ரெக்கார்ட் மிரர் இதழின் ஐந்து இடப் பட்டியல், அதன் பிறகு 1960 மார்ச் வரை மெலடி மேக்கரின் பத்து இடப் பட்டியல், அங்கிருந்து ரெக்கார்ட் ரீடெய்லர் எனும் வணிக இதழின் பட்டியல், 1969 பிப்ரவரி முதல் பிஎம்ஆர்பி எனும் சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்கெடுப்பு என்று துண்டு துண்டாக ஒட்டியதுதான் அது.

ஒட்டிய இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ‘சவுத் பசிபிக்’ திரைப்பட இசைத்தட்டு 1958 நவம்பரில் முதலிடத்தில் ஏறி, 1959 முழுவதும் அசையாமல் இருந்து, தொடர்ந்து 70 வாரம் கண்டது. அந்தத் தொடர் முறிந்தது 1960 மார்ச்சில். ஒரே ஒரு வாரத்துக்கு ஃப்ரெடி கேனனின் ஆல்பம் மேலே வந்தது. பிறகு ‘சவுத் பசிபிக்’ மீண்டும் அமர்ந்துகொண்டது. மூலம் மாறியதும் அதே மார்ச்சில்தான். அந்த ஒரு வாரம் மக்கள் வாங்கியதைக் காட்டுகிறதா, கணக்கெடுத்தவர் மாறியதைக் காட்டுகிறதா என்பதை ஒரே பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே அந்தந்த வாரத்தில் கிடைக்கும் எல்லா இதழ்களின் பட்டியல்களையும் எடுத்து, இடத்துக்கு ஏற்ப மதிப்பெண் கொடுத்து, சராசரி காண்பதே என் முறை.

ஆவணக்காரன்:

வினைல்பித்தன் அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்த முறையை ஏற்க மாட்டேன். இது புதிய யோசனையும் அன்று. 1950களின் இறுதியிலிருந்து பிபிசி இதையேதான் சிங்கிள்களுக்கு, அதாவது தனிப்பாடல் தட்டுகளுக்கு, செய்தது. என்எம்இ, மெலடி மேக்கர், டிஸ்க் முதலான இதழ்களின் இடங்களைக் கூட்டிச் சராசரி எடுத்துத் தன் பட்டியலை வானொலியில் அறிவித்தது. 1968 ஆகஸ்டில் மூன்று பாடல்கள் ஒரே நேரத்தில் முதலிடம் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அந்த வாரம் மூன்றும் சமமாக விற்றன என்று எந்தக் கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார். கூட்டல் கணக்கு அப்படி விழுந்தது, அவ்வளவுதான். இத்தகைய குழப்பங்களால்தான் பிபிசியும் ரெக்கார்ட் ரீடெய்லரும் சேர்ந்து செலவு செய்து, ஏறத்தாழ 300 கடைகளின் விற்பனைக் குறிப்பேடுகளைக் கொண்டு பட்டியலிடும் பணியை பிஎம்ஆர்பியிடம் ஒப்படைத்தன. அவர்கள் கைவிட்டதை நாம் ஏன் மீண்டும் கையில் எடுக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. 1962 மார்ச்சில் ரெக்கார்ட் மிரர் தன் சொந்தக் கணக்கெடுப்பை நிறுத்திவிட்டு, ரெக்கார்ட் ரீடெய்லரின் பட்டியலையே அச்சிடத் தொடங்கியது. இதழ்களின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்ப்பவர் அதன் பிறகு ஒரே பட்டியலுக்கு இரண்டு வாக்கு கொடுத்துவிடுவார். உங்கள் அட்டவணையில் அது எப்படி இருக்கிறது?

வினைல்பித்தன்:

1962 மார்ச்சுக்குப் பிறகு ரெக்கார்ட் மிரருக்கு என் அட்டவணையில் தனிப் பத்தி கிடையாது. அந்த மாற்றம் எனக்குத் தெரிந்ததே. ஆனால் ஒரே மூலத்தை நம்புவதன் விலை என்ன என்பதையும் நண்பர் சொல்ல வேண்டும். 1963இன் தொடக்கத்தில் பீட்டில்ஸின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ சிங்கிள் மெலடி மேக்கரில் முதலிடம். என்எம்இயில் பாடகர் ஃப்ராங்க் ஐஃபீல்டின் பாடலுடன் சேர்ந்து முதலிடம். ரெக்கார்ட் ரீடெய்லரில் மட்டும் இரண்டாமிடம். 1977இல் பிரிட்டிஷ் வெற்றிப் பாடல்களின் கின்னஸ் நூலைத் தொகுத்தவர்கள் 1960க்குப் பிந்தைய காலத்துக்கு ரெக்கார்ட் ரீடெய்லரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 50 இடங்கள் இருந்தன என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். போட்டி இதழ்கள் அதைவிட அதிகமான கடைகளைக் கேட்டன என்பது எண்ணப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் பீட்டில்ஸின் முதலிடப் பாடல்களைத் தொகுத்து ஒரு தட்டு வெளியானபோது அந்தப் பாடல் அதில் இல்லாமல் போனது இந்தத் தேர்வின் விளைவே. நீளமான பட்டியல் என்பதும் சரியான பட்டியல் என்பதும் வேறு வேறு.

அலமாரி33:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இடங்களைப் பற்றி இவ்வளவு சண்டை எதற்கு? தங்கத்தட்டு, பிளாட்டினத்தட்டு விருதுகளை எடுத்துக்கொண்டால் விற்பனை எண்ணிக்கையே நேராகக் கிடைக்குமே.

ஆவணக்காரன்:

கிடைக்காது, அலமாரி33. பிரிட்டனில் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமான பிபிஐ வழங்கும் விருதுகள் 1973இல்தான் தொடங்கின. நாம் பேசும் காலம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் ஆல்பங்களுக்கு எண்ணிக்கை அளவுகோலாக இல்லை. வருவாயின் பண மதிப்பே அளவுகோல். அதுவும் கடைகளுக்கு அனுப்பிய தட்டுகளின் கணக்கு, வாடிக்கையாளர் வாங்கிச் சென்ற தட்டுகளின் கணக்கன்று. 2013க்குப் பிறகு தானாக வழங்கப்படும் விருதுகளில் பழைய ஆல்பங்கள் பலவற்றுக்கு 1994க்குப் பிந்தைய விற்பனை மட்டுமே சேர்கிறது. 1963இல் 30 வாரம் முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தை இந்த விருதைக் கொண்டு எடை போட்டால், ஏதோ சுமாராக விற்ற தட்டு என்றே தோன்றும்.

வினைல்பித்தன் அவர்களுக்கு: ரெக்கார்ட் ரீடெய்லரின் கணக்கெடுப்பு சிறியது என்பதை நான் மறுக்கவில்லை. என் மறுப்பு வேறு. ஐந்து இடப் பட்டியல், பத்து இடப் பட்டியல், இருபது இடப் பட்டியல் ஆகியவற்றைச் சராசரியாக்கும்போது, நீளமான பட்டியலில் 14ஆம் இடத்தில் இருக்கும் ஆல்பத்துக்குக் குறுகிய பட்டியல் என்ன மதிப்பெண் கொடுக்கும்? பூஜ்யம் என்றால், அந்த இதழ் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதுகிறீர்கள். மேலும், இடம் என்பது அளவன்று. கிறிஸ்துமஸ் வாரத்து ஐந்தாமிடம் ஜூலை மாதத்து முதலிடத்தைவிட அதிகம் விற்றிருக்கக்கூடும். மதிப்பெண்ணைக் கூட்டிய கணமே அந்த வேறுபாடு மறைந்துபோகிறது. வாசகருக்கோ இரண்டு தசமம் வரை துல்லியமான ஓர் எண் கிடைத்துவிடுகிறது.

வினைல்பித்தன்:

பட்டியலில் இல்லாததற்கு நான் பூஜ்யம் இடுவதில்லை. ‘பத்துக்குக் கீழே’ என்று மட்டும் குறிக்கிறேன். நீளமான பட்டியல் எந்த இடம் தருகிறதோ அது அந்த எல்லைக்குள் பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கிறேன். தசமப் புள்ளிகள் பற்றிய கண்டனம் நியாயமானது. வெளியிடும்போது அவற்றை நீக்கிவிடுவேன்.

ஆனால் 1971ஐ நீங்கள் தொடவே இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 20 முதல் மார்ச் தொடக்கம் வரை பிரிட்டனில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தது. கடைகளின் குறிப்பேடுகள் பிஎம்ஆர்பிக்குத் தபாலில்தான் போய்ச் சேர வேண்டும். தபால் இல்லை என்றதும் ஆல்பம் பட்டியலும் நின்றது. ஜார்ஜ் ஹாரிசனின் மூன்று தட்டு ஆல்பம் மெலடி மேக்கரில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது பட்டியல் நின்றிருந்த அந்தக் காலத்தை ஒட்டித்தான். அதிகாரபூர்வ வரலாற்றிலோ அதன் உச்சம் நான்காமிடம் என்றே பல ஆண்டுகள் பதிவாகியிருந்தது. 2006இல்தான் மெலடி மேக்கரின் பட்டியலை அந்த வாரங்களுக்கு ஏற்று, முதலிடம் என்று திருத்தினார்கள். ஒரே மூலம் போதும் என்பவர்கள் அந்த வாரங்களை என்ன செய்வார்கள்?

ஆவணக்காரன்:

2006இல் செய்ததைத்தான் செய்வோம். அங்கே யாரும் சராசரி எடுக்கவில்லை. ஒரு மூலம் மௌனமான வாரங்களில் இன்னொரு மூலத்தை, இன்னது என்று பெயர் சொல்லி, அப்படியே வைத்தார்கள். எதிர்காலத்தில் ஒருவர் அதை ஏற்கவில்லை என்றால் அந்த வாரங்களை மட்டும் பிரித்தெடுத்துவிடலாம். உங்கள் கூட்டுப் பட்டியலில் ஒரு மூலம் தவறு என்று பின்னர் தெரிந்தால், பதினைந்து ஆண்டுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

அதே 1971 ஆகஸ்டில் நடந்தது உங்கள் முறைக்கு இன்னும் கடினமான சோதனை. அறிமுகமில்லாத பாடகர்களை வைத்து அன்றைய வெற்றிப் பாடல்களை மறுபடி பாடவைத்து, மலிவு விலையில் விற்ற ‘ஹாட் ஹிட்ஸ்’ போன்ற தொகுப்புகளைப் பட்டியலில் அனுமதித்தார்கள். அவை முதலிடம் வரை போயின. 1972 ஜனவரியில் அவற்றை மீண்டும் விலக்கினார்கள். நடுவில் மாறியது வாங்குபவரின் விருப்பமன்று, யாரைச் சேர்ப்பது என்ற விதி. விதி வேறாக இருக்கும் இரண்டு இதழ்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் வரும் எண் எதை அளக்கிறது?

வினைல்பித்தன்:

அந்த ஐந்து மாதங்களுக்குச் சராசரி இடப்போவதில்லை. ஒவ்வோர் இதழின் இடத்தையும் அதன் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் மட்டும் அச்சிடுவேன். மற்ற ஆண்டுகளுக்கும் மூலப் பத்திகள் முதலில் வரும். கூட்டுத் தரம் கடைசிப் பத்தியாக, வேண்டாதவர் மூடிவைத்துக்கொள்ளும்படி இருக்கும். ஆனால் அந்தப் பத்தியை எடுத்துவிட மாட்டேன். 1960 மார்ச் வாரத்தை மற்றப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை.

ஆவணக்காரன்:

ஒப்பிட்டுப் பார்க்க மூலப் பத்திகளே போதும் என்றுதான் இப்போதும் சொல்வேன். அது கிடக்கட்டும், பத்திகளை அடுக்கும்போது தேதியைக் கவனியுங்கள். சில இதழ்கள் வெளியான நாளைப் போடுகின்றன, சில வார முடிவைப் போடுகின்றன. 1956–58 பகுதியை முதலில் அனுப்பினால் நான் சரிபார்த்துத் தருகிறேன். ஐந்தே இடங்கள் என்பதால் அதில் நாம் அதிகம் சண்டையிட இடமில்லை.