தேரி மண்ணுல கூட்டுச் செடி வைக்கணும், மாசத்துக்கு ரெண்டு தடவ தான் ஊருக்கு வர முடியும்

விளைக்காரன்:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, திசையன்விளை பக்கம் தேரியில, அதாவது செம்மணல் காட்டுல, எங்க விளை ஒரு ஏக்கர் கெடக்கு. அப்பா காலத்துல பனையும் கொல்லாவும் (முந்திரி) நின்னது, இப்ப மேக்கு ஓரத்துல பனை மட்டும் வரிசையா நிக்குது. கரண்ட் கிடையாது, கிணத்துல சோலார் மோட்டார் போட்டு ஆயிரம் லிட்டர் டேங்க் வச்சிருக்கேன். வேலை சென்னையில, பதினஞ்சு நாளைக்கு ஒருக்க தான் வரமுடியுது. யூடியூப்ல கில்டுன்னு சொல்லுதாங்கல்லா, நடுவுல பழமரம், அதச் சுத்தி தழைச்சத்து குடுக்குற செடி, பூச்சிக்கு ஒரு செடி, தரைய மூட ஒரு கொடின்னு, அத நம்பி போன மாசியில ஒவ்வொரு குழியிலயும் எலுமிச்சை, வாழை, முருங்கை, தக்காளி, துலுக்கசாமந்தி எல்லாத்தையும் சேத்து வச்சேன். வைகாசிக்குள்ள முருங்கை தவிர எல்லாம் கருகிட்டு. வர்ற ஐப்பசிக்கு திரும்ப வைக்கணும், எத எதோட வைக்கலாம்? விளைய விக்க மனசு வரல.

கொடிக்கால் பேரன்:
தம்பி, மாசியில வச்சீங்க பாருங்க, அங்கயே போச்சு. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகை தான், மாசியில வச்ச கன்னு வேர் எறங்குததுக்குள்ள கோடை வந்துரும், அதத் தாண்டுனா ஆனி ஆடி மேகாத்து தேரி மண்ணையே அள்ளிட்டுப் போவும். அப்புறம் வாழையும் முருங்கையும் ஒரே குழியில எப்படி? வாழைக்கு எப்பவும் ஈரம் இருந்துக்கிட்டே இருக்கணும். அத மோட்டார் பக்கம் கைகால் கழுவுத தண்ணி விழுற எடத்துல வைங்க.

எங்க தாத்தா தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர் பக்கம் கொடிக்கால், அதான் வெத்தலத் தோட்டம், வச்சிருந்தாங்க, 2023-ல புவிசார் குறியீடு கெடச்ச அதே ஆத்தூர் வெத்தல. அங்க மொத அகத்திய வெதைச்சு அது நல்லா வளந்த பெறவு தான் வெத்தலக் கொடிய நடுவாங்க. அகத்தி கொடிக்கு கொம்பு, நெழல், வேர் வழியா தழைச்சத்து, கழிச்ச தழை ஆட்டுக்கு. இது கில்டு இல்லாம வேற என்ன? அதுல நான் பாத்தது வரிசை தான், தொணைச் செடி மொத, முக்கியமான செடி பெறவு. நீங்க எல்லாத்தையும் ஒரே நாள்ல வச்சிட்டீங்க. யூடியூப்ல ஆப்பிள் மரத்தடியில தழைக்காக காம்ஃப்ரேன்னு ஒரு செடி வைக்கச் சொல்லுவாங்க, அது குளிர் நாட்டுச் செடி. அந்த எடத்துல நமக்கு சீமை அகத்தி (கிளைரிசிடியா, அகத்தி வேற இது வேற) இருக்கு, வெட்ட வெட்டத் தழையும், வெட்டுன தழைய அப்படியே குழியச் சுத்திப் போட்டுறலாம்.

பொழச்ச முருங்கையவே நடு மரமா வைங்க, நெழல் லேசு, அடியில பயறு வரும். மேக்க சீமை அகத்தி குச்சி, சுத்தி துவரை, தரையில தட்டாம்பயறு. எலுமிச்சைய அடுத்த ஐப்பசிக்குத் தள்ளுங்க.

அம்பை அக்கா:
அண்ணாச்சி சொல்லுததுல வரிசை சரி. ஆனா அகத்திய மட்டும் இவங்க விளைக்கு சொல்லிறாதீங்க, கொடிக்கால்ல தெனமும் ஆள் நிப்பாங்க, தாமிரபரணித் தண்ணி பாயும். ஆளில்லாத விளையில அகத்தி துளுத்தா ஊர் ஆடு பூரா உள்ள தான் நிக்கும். தம்பி, கொழிஞ்சி வெதைங்க, ஆடு அவ்வளவா தொடாது, மணல்ல தானா வரும், தழைச்சத்தும் குடுக்கும். வெதைத் தோலு கட்டி, மணலோட சேத்து நல்லா தேய்ச்சிட்டு மொத மழைக்கு முன்ன வீசிருங்க, இல்லன்னா சரியா முளைக்காது. வேலிக்கு கிளுவைக் குச்சி ஊனுங்க. நான் வேலி போடாம செடி வச்சு ரெண்டு வருசம் அழுதிருக்கேன்.

விளைக்காரன்:
ரொம்ப நன்றிக்கா, ஆடு உண்டு, அத யோசிக்கவே இல்ல. மூடாக்குக்கு பனையோல போட்டேன், கரையான் ஏறிட்டு. தண்ணிக்கு என்ன செய்ய?

கொடிக்கால் பேரன்:
அக்கா சொன்னது சரிதான், அகத்தி வேண்டாம், கொழிஞ்சியே போடுங்க. மூடாக்கு தண்டுல ஒட்டாம அரை அடி தள்ளி இருக்கணும், ஓலைய விட கதம்பை (தேங்கா மட்டை) நல்லது, குழியில நார்ப்பக்கம் மேல பாக்க அடுக்கிப் பொதைச்சா தண்ணிய பிடிச்சு வைக்கும். பேட்டரியில ஓடுத டைமர் வால்வு கிடைக்கு, டேங்க்கு அழுத்தம் கம்மில்லா, அதுல தொறக்குற ரகமான்னு கேட்டு வாங்கி சொட்டுநீர்ல மாட்டுங்க. மொத வருசம் இருவது குழிக்கு மேல போகாதீங்க. புரட்டாசியில லீவு போட்டு வாங்க, வேலியும் குழியும் அப்பவே முடிஞ்சிரணும்.